கோடையில் மட்டும் தாளில் தண்ணீர் இறங்குவது ஏன்? ஏ.கே.டி எமல்ஷனைச் சரிசெய்வது பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடி பக்கத்தில் ஒரு சிறு காகித ஆலை. பழைய அட்டைப்பெட்டி, கழிவுத்தாள், கொஞ்சம் கரும்புச் சக்கைக் கூழ் சேர்த்து, வாழைப்பழப் பெட்டிக்கு வேண்டிய மேல்தாள் ஓட்டுகிறார்கள். தண்ணீர் தாங்குவதற்கு, ட்ரம்மில் வரும் 15 சதவீத ஏ.கே.டி எமல்ஷனை (ஏ.கே.டி என்ற மெழுகு நுண்துகளாகத் தண்ணீரில் கலந்த பால் போன்ற திரவம்) கூழில் கலக்கிறார்கள். மார்கழி, தை மாதங்களில் காப் மதிப்பு (ஒரு சதுர மீட்டர் தாள் ஒரு நிமிடத்தில் உறிஞ்சும் தண்ணீர், கிராமில்) 30-க்கு அருகில் நின்றது. சித்திரை பிறந்ததும் 60-ஐத் தாண்டிவிட்டது. டன்னுக்கு 10 கிலோ எமல்ஷன் போட்ட இடத்தில் 18 கிலோ போட்டும் இறங்கவில்லை. கேட்பவருக்கு இரண்டு கேள்விகள்: எமல்ஷனின் தரத்தை உயர்த்த என்ன வழி? வாங்குவதற்குப் பதில் நாமே தயாரித்தால் என்ன? கடைசியில் எண்ணெய் தாங்கும் தாள் பற்றியும் கேட்டிருக்கிறார்.

தம்பி, முதல் வேலையாக டோஸை 10 கிலோவுக்கே இறக்கிவிடுங்கள். 10 கிலோ எமல்ஷன் என்றால் அதில் 1.5 கிலோ ஏ.கே.டி மெழுகு. ஒரு டன் தாளுக்கு 0.15 சதவீதம். பெட்டித் தாளுக்கு இது போதுமான அளவு. இதற்கு மேல் கொட்டியும் காப் இறங்கவில்லை என்றால், கொட்டுவது நாரில் போய் உட்காரவில்லை, அல்லது உட்கார்வதற்கு முன்பே செத்துவிட்டது என்று அர்த்தம். கூடுதலாகப் போட்ட 8 கிலோ இப்போது உங்கள் ஒயிட் வாட்டரில் (தாள் வார்க்கும் வலையிலிருந்து வடிந்து திரும்பச் சுற்றும் தண்ணீர்) சுற்றிக்கொண்டிருக்கும். ஈரத்தாளைத் தாங்கும் ஃபெல்ட் துணியில் பிசுக்காகவும், தாளை உலர்த்தும் ட்ரையர் உருளை மேல் வெள்ளைப் படிவாகவும் தெரியும். ரீலில் சுற்றிய தாள் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் இதனால்தான். செத்த ஏ.கே.டி தாளின் மேற்பரப்பை வழுக்க வைக்கும்.

"செத்துவிட்டது" என்று ஏன் சொல்கிறேன் என்று விளக்க வேண்டும். ஏ.கே.டி என்பது ஆல்கைல் கீட்டீன் டைமர். ஸ்டியரிக், பால்மிட்டிக் போன்ற கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்யும் ஒரு மெழுகு. சுமார் 50 டிகிரியில் உருகும். 1950-களில் அமெரிக்காவில் காகிதத்துக்காகப் புழக்கத்துக்கு வந்தது. இதன் மூலக்கூறில் நான்கு அணுக்களால் ஆன ஒரு சின்ன லாக்டோன் வளையம் இருக்கிறது. இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கும் வளையம் அது, எப்போது திறக்கலாம் என்று காத்திருக்கும். நாரில் உள்ள செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதி கிடைத்தால் அதோடு பிணைந்து எஸ்டர் ஆகும். அப்போது இரண்டு நீளமான கொழுப்புச் சங்கிலிகள் நாருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீரைத் தள்ளுவது அவைதான். ஆனால் அந்த வளையம் தண்ணீரோடும் வினைபுரியும். அப்படிப் புரிந்தால் முதலில் ஒரு அமிலமாகி, அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய், கடைசியில் ஒரு கீட்டோன் மிஞ்சும். அந்த கீட்டோன் நாரோடு பிணையாது. பார்க்க அதே வெள்ளை எமல்ஷன்தான், 15 சதவீதத் திடப்பொருளும் அப்படியே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

ஆக, எமல்ஷன் ட்ரம்மில் இருக்கும் காலம், கூழ்த் தண்ணீரில் அலையும் காலம், ட்ரையரில் உருகிப் பரவும் காலம் என்று மூன்று இடங்களில் நீங்கள் ஏ.கே.டியை இழக்கலாம். எந்த இடத்தில் இழக்கிறீர்கள் என்று தெரியாமல் சப்ளையரை மாற்றிப் பிரயோசனமில்லை. பல ஆலைகளில் முதலில் சப்ளையரைத்தான் மாற்றுகிறார்கள். சப்ளையர் மாறினாலும் வெயில் மாறுவதில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ரீலிலிருந்து அப்போதே ஒரு துண்டு வெட்டுங்கள். அதை இரண்டாக்கி, ஒன்றை உடனே காப் பாருங்கள். மற்றொன்றை 105 டிகிரி சூட்டு அடுப்பில் ("அவன்") பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். காப் பார்க்கும் முறை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும்போது இதிலேயே தப்பு நடப்பதால் சொல்கிறேன். 100 சதுர சென்டிமீட்டர் வளையத்தில் 100 மில்லி தண்ணீர், 45-வது விநாடியில் கொட்டிவிட வேண்டும், சரியாக 60-வது விநாடியில் மை ஒற்றும் தாள் வைத்து 10 கிலோ உருளையை ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னும் அழுத்தாமல் ஓட்ட வேண்டும். தண்ணீரின் சூடும் கணக்கு. வெயிலில் காய்ந்த டேங்கிலிருந்து பிடித்த 36 டிகிரித் தண்ணீரில் பார்த்துவிட்டு, 23 டிகிரியில் பார்த்த சப்ளையர் சான்றிதழோடு ஒப்பிட்டால் சண்டைதான் வரும்.

அவனில் வைத்த துண்டு 60-லிருந்து 30-க்கு இறங்கிவிட்டால், ஏ.கே.டி நாரில் இருக்கிறது, பிணைவதற்குத்தான் சூடும் நேரமும் போதவில்லை. அப்போது எமல்ஷனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரீலில் ஈரப்பதம் 5, 6 சதவீதத்துக்குக் கீழே வருகிறதா, ட்ரையருக்குள் நீராவி குளிர்ந்து சேரும் தண்ணீர் (கண்டென்சேட்) சரியாக வெளியேறுகிறதா என்று பாருங்கள். ஏ.கே.டி இயல்பிலேயே மெதுவாகப் பிணையும் சரக்கு. மெஷினை விட்டு வந்த சூட்டோடு ரீலில் ஒரு நாள் இருந்தபின் பார்த்தால் இன்னும் இறங்கியிருக்கும். அவனில் வைத்தும் 50-க்கு மேலேயே நிற்கிறதா? அப்படியானால் நாரில் உயிருள்ள ஏ.கே.டியே போதுமான அளவு இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் ஆலை இந்த இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். கோடையில் மட்டும் வருகிறது என்பதால் அப்படி நினைக்கிறேன்.

கோடையில் டெல்டாவில் என்ன மாறுகிறது என்று யோசியுங்கள். ட்ரம் வைத்திருக்கும் ஷெட்டின் சூடு மாறுகிறது. தண்ணீரும் மாறுகிறது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது. அதன் பிறகு வாய்க்காலில் தண்ணீர் இல்லை, முழுக்க போர் தண்ணீர். டெல்டாவில் கடலை நெருங்க நெருங்க போர் தண்ணீரில் உப்பு ஏறும் என்பது விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். புதுத் தண்ணீர் குறைவாகக் கிடைப்பதால் ஆலைக்குள் அதே ஒயிட் வாட்டரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறீர்கள். கழிவுத்தாளிலிருந்து கரைந்து வரும் அத்தனையும் அதில் சேர்ந்துகொண்டே போகிறது. தண்ணீர் சூடாகவும் இருக்கிறது. ஏ.கே.டிக்குப் பிடிக்காத எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

ட்ரம்மிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏ.கே.டி எமல்ஷனை 25 டிகிரிக்குள் வைத்திருந்தால் இரண்டு மாதம்வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் நின்றால் சில வாரங்களிலேயே சக்தி குறையத் தொடங்கும். மூடியைத் திறக்கும்போது காற்று பிய்த்துக்கொண்டு வருகிறதா, மூடி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் அது நான் மேலே சொன்ன கார்பன் டை ஆக்சைடு, அதாவது உங்கள் பணம். மூடிக்கு அடியில் ஏடு கட்டியிருப்பது, கோலால் கலக்கினால் தயிர் மாதிரி திரண்டு வருவது, புளித்த வாடை அடிப்பது ஆகிய மூன்றும் தனித்தனி நோய்கள். ஏடு கட்டினால் துகள் பெரிதாகிவிட்டது. திரண்டால் உள்ளே இருக்கும் ஸ்டார்ச் கெட்டித்துவிட்டது. வாடை வந்தால் பாக்டீரியா ஸ்டார்ச்சைத் தின்கிறது.

இதற்குச் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. ஓட்டுக் கட்டடத்திலோ, கூரைக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்த ஷெட்டிலோ ட்ரம்மை வையுங்கள். தரையோடு வைக்காமல் மரக்கட்டை மேல் நிறுத்துங்கள். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் பதினைந்து நாளைக்கு ஒரு முறை வாங்குங்கள், தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள். முதலில் வந்ததை முதலில் எடுங்கள். டோஸிங் டேங்க் ட்ரையர் ஹூட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அதை இடம் மாற்றுங்கள். கரைத்து நீர்க்க வைத்த எமல்ஷனை அடுத்த ஷிப்டுக்கு மிச்சம் வைக்காதீர்கள். நீர்க்க வைத்தவுடன் அதைக் காக்கும் அமிலத்தன்மை போய்விடுகிறது, போர் தண்ணீரின் காரத்தன்மை வந்துவிடுகிறது. அப்புறம் நாளில்லை, மணிக்கணக்குதான்.

சந்தேகம் தீர வேண்டுமானால், புது ட்ரம் வந்த அன்று ஒரு பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறையவிடக் கூடாது. உறைந்தால் எமல்ஷன் உடைந்துவிடும். இரண்டு வாரம் கழித்து ட்ரம்மில் இருப்பதையும் பாட்டிலில் இருப்பதையும் ஒரே கூழில், ஒரே அளவில் போட்டு, கையால் தாள் வார்த்து, அவனில் காயவைத்து காப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி ட்ரம். திருச்சி, தஞ்சாவூர்ப் பல்கலைக்கழக வேதியியல் துறைகளில் அகச்சிவப்பு அலைமாலைக் கருவி இருக்கும். அதில் பார்த்தால் 1850 அலை எண் அருகே லாக்டோன் வளையத்தின் முனை நிமிர்ந்து நிற்கும். வளையம் திறந்து போயிருந்தால் அந்த முனை குள்ளமாகி, 1700 அருகே கீட்டோனின் முனை வளர்ந்திருக்கும். எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று நேரடியாகச் சொல்லும் சோதனை இது.

அடுத்தது கூழ்த் தண்ணீர். நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஏ.கே.டி துகள் ஒரு மைக்ரான் அளவு, அதன் மேல் கேட்டயானிக் ஸ்டார்ச் போர்த்தியிருப்பதால் நேர்மின்சுமை கொண்டது. நாருக்கு எதிர்மின்சுமை. அந்த இழுவிசையால்தான் துகள் நாரில் ஒட்டுகிறது. வலையில் வடிகட்டிப் பிடிக்கும் அளவுக்கு அது பெரிய துகள் இல்லை. மின்சுமை கெட்டுப்போனால் அது தண்ணீரோடு போய்விடும். கழிவுத்தாளிலிருந்து கரைந்து வரும் பழைய ஸ்டார்ச், மை விலக்கிகள், பசை, சக்கைக் கூழிலிருந்து வரும் கரைபொருள்கள் எல்லாமே எதிர்மின்சுமை கொண்டவை. காகிதக்காரர்கள் இதை அனயானிக் குப்பை என்பார்கள். நீங்கள் போடும் எமல்ஷனை நாருக்கு முன்பே இந்தக் குப்பை பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் உப்பு அதிகமானால் மின்சுமைகளுக்கு இடையிலான இழுவிசையே மங்கிவிடும். கோடையில் இரண்டும் சேர்ந்து வருகின்றன.

ஆகவே குப்பைக்கு வேறு தீனி போட வேண்டும். எமல்ஷன் சேரும் இடத்துக்கு நன்றாக முன்னால், கெட்டிக் கூழிலேயே, பாலி அலுமினியம் குளோரைடோ பாலிஅமீன் ஃபிக்ஸேட்டிவோ கொஞ்சம் கொடுங்கள். ஃபிக்ஸேட்டிவ் என்றால் டன்னுக்கு அரைக் கிலோவில் ஆரம்பித்துப் பார்க்கலாம். அது குப்பையைக் கட்டி நாரோடு சேர்த்துவிடும். அதன் பிறகு வரும் ஏ.கே.டிக்கு நார் காலியாகக் கிடைக்கும். வரிசை முக்கியம்: முதலில் ஃபிக்ஸேட்டிவ், பிறகு கேட்டயானிக் ஸ்டார்ச், அதையொட்டி ஏ.கே.டி, கடைசியில், நீர்த்த கூழை மெஷினுக்குத் தள்ளும் ஃபேன் பம்ப் தாண்டி, பொடியை வலையில் தங்க வைக்கும் ரிடென்ஷன் பாலிமர். மெஷின் செஸ்ட்டில் (மெஷினுக்குப் போகுமுன் கூழ் நிற்கும் தொட்டி) எமல்ஷனை ஊற்றிவிட்டு அரைமணி நேரம் சுழலவிடும் பழக்கம் சிறு ஆலைகளில் நிறைய இருக்கிறது. ஏ.கே.டிக்கு முன் ரோசின் (பைன் மரப் பிசின்) போட்ட காலத்துப் பழக்கம் அது. ஏ.கே.டிக்கு அந்த அரைமணி நேரம் நஷ்டம். கூழ் நீர்க்கும் இடத்துக்குச் சற்று முன்னால், தொடர்ச்சியாக, டோஸிங் பம்ப் வைத்துக் கொடுங்கள். வாளியில் ஊற்றும் எமல்ஷன் தாளில் கோடு கோடாகத் தெரியும்.

முதல் சுற்றுப் பிடிப்பை, அதாவது கூழில் எவ்வளவு முதல் முறையிலேயே வலையில் தங்குகிறது என்பதை, கணக்குப் போட்டீர்களா என்று தெரியவில்லை. வலை மேல் கூழை விடும் ஹெட்பாக்ஸில் கூழின் அடர்த்தி 0.8 சதவீதம், வலைக்குக் கீழே ட்ரேயில் விழும் நீரில் 0.24 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 0.56, பிடிப்பு 70 சதவீதம். மீதி 30 சதவீதம் பெரும்பாலும் பொடி நாரும் நிரப்பியும்தான். தொல்லை அங்கேதான் இருக்கிறது. பொடி நாருக்கு எடைக்கு மிஞ்சிய மேற்பரப்பு. ஏ.கே.டியில் பெரும் பங்கு அதன் மேல்தான் போய் ஒட்டும். பொடி வலையில் தப்பினால் ஏ.கே.டியும் கூடவே தப்பும். திரும்பச் சுற்றி வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சாகும். சக்கைக் கூழில் பித் (சக்கைக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பொடி) சரியாக நீக்காமல் வந்தாலும் இதே கதை. டெல்டாவுக்கு மேற்கே, புகளூரில் தமிழ்நாடு காகித ஆலை 1984 முதல் சக்கையில் தாள் ஓட்டுகிறது. சக்கையைக் காகிதத்துக்கு எடுக்கும் எந்த ஆலையும் பித் நீக்கத்தில் அத்தனை கவனம் வைப்பதற்கு இது ஒரு காரணம். நீங்கள் வெளியில் வாங்கும் கூழில் பித் எவ்வளவு என்று ஒரு முறை சல்லடையில் கழுவிப் பாருங்கள்.

பி.எச் 7.5-இலிருந்து 8.2-க்குள் நிற்க வேண்டும். பைகார்பனேட் காரத்தன்மை லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் இருந்தால் ஏ.கே.டி நாரோடு பிணைவது விரைவாகும். நம் போர் தண்ணீரில் பைகார்பனேட்டுக்குப் பொதுவாகப் பஞ்சமில்லை, சோடா வாங்கிப் போடுவதற்கு முன் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். கோடையில் இன்னொன்றும் நடக்கும். பழைய பெட்டிகளில் இருக்கும் ஸ்டார்ச்சை பாக்டீரியா தின்று அமிலமாக்கி, பி.எச்சைத் தானாகவே 6.5-க்கு இழுத்துவிடும். ஒயிட் வாட்டர் சேரும் குழியில் சாக்கடை வாடை வந்தால் அதுதான். பயோசைடு போடாமல் காரத்தை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால் பி.எச் மீட்டர் முள் ஆடிக்கொண்டே இருக்கும், காப்பும் கூடவே ஆடும்.

சரி, இப்போது நீங்கள் நேராகக் கேட்டதற்கு வருகிறேன். எமல்ஷனையே நன்றாக்குவது எப்படி?

பால் பண்ணையில் கொழுப்பு பிரியாமல் இருக்க ஹோமோஜெனைசரில் அடிப்பார்களே, இங்கும் அதே வகை இயந்திரம்தான். கேட்டயானிக் ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கரைத்து 90, 95 டிகிரியில் அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். சிதறல் பொருளாகக் கொஞ்சம் சோடியம் லிக்னோசல்ஃபோனேட் சேர்த்து, சூடு 75, 80-க்கு வந்ததும் உருக்கிய ஏ.கே.டி மெழுகை ஊற்றிக் கலக்கி, 200 பார் அழுத்தத்துக்கு மேல் ஹோமோஜெனைசரில் விட வேண்டும். வெளியே வரும் பால் போன்ற திரவத்தை உடனே குளிரவைத்து, பி.எச்சை 3-லிருந்து 3.5-க்குள் நிறுத்த வேண்டும். 100 கிலோ 15 சதவீத எமல்ஷனுக்கு மெழுகு 15 கிலோ, ஸ்டார்ச் 3 கிலோ சுமார், லிக்னோசல்ஃபோனேட் அரைக் கிலோவுக்குள். சூத்திரம் இவ்வளவுதான். வித்தியாசம் எல்லாம் கைப்பக்குவத்தில் வருகிறது.

துகள் அளவை எடுத்துக்கொள்வோம். 2 மைக்ரான் விட்டமுள்ள துகளை 1 மைக்ரான் ஆக்கினால் அதே மெழுகிலிருந்து எட்டு மடங்கு துகள்கள் கிடைக்கும். நாரின் மேல் எட்டு மடங்கு இடங்களில் உட்காரும், ட்ரையரில் உருகிப் பரவும்போது இடைவெளி குறையும். அதற்காக இன்னும் இன்னும் பொடியாக்கக் கூடாது. பொடியாகப் பொடியாகத் தண்ணீர் தொடும் பரப்பும் ஏறும், வளையம் திறப்பதும் விரைவாகும், போர்த்த ஸ்டார்ச்சும் போதாது. அரை மைக்ரானிலிருந்து ஒரு மைக்ரானுக்குள், அதுவும் பெரும்பாலானவை ஒரே அளவில் இருப்பது நல்லது. சராசரி 0.8 என்று சான்றிதழில் போட்டிருக்கும், நுண்ணோக்கியில் பார்த்தால் 5 மைக்ரான் உருண்டைகள் ஆங்காங்கே மிதக்கும். அந்தப் பெரிய உருண்டைகள்தான் பின்னால் தாளில் மெழுகுப் புள்ளியாக வருகின்றன. சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியே இதைக் காட்டிவிடும். சராசரியை விடப் பெரிய துகள் எவ்வளவு என்று சப்ளையரைக் கேளுங்கள்.

ஸ்டார்ச் அடுத்தது. சேலம் பக்கம் மரவள்ளி ஸ்டார்ச் நிறையக் கிடைப்பதால் கேட்டயானிக் மரவள்ளி ஸ்டார்ச்சில் எமல்ஷன் செய்பவர்கள் உண்டு. நல்ல சரக்குதான். ஆனால் மரவள்ளி ஸ்டார்ச்சில் ஆறில் ஒரு பங்கு அமைலோஸ். இது ஆறிய பின் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று ஒட்டி இறுகும் குணமுள்ளது. வாக்ஸி மக்காச்சோள ஸ்டார்ச்சில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை. பல வாரம் ட்ரம்மில் நிற்க வேண்டிய எமல்ஷனுக்கு வாக்ஸி வகை கெட்டியாகாமல் தாங்கும். ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் எமல்ஷனுக்கு மரவள்ளியே போதும், விலையும் குறைவு. எந்த ஸ்டார்ச்சானாலும் முழுதாக வேக வேண்டும். 85 டிகிரியில் இறக்கிவிட்டால் வேகாத மணிகள் தங்கும், அவை துகளைப் போர்த்தாது.

லிக்னோசல்ஃபோனேட்டை நிறையப் போட்டால் ட்ரம்மில் எமல்ஷன் அழகாக நிற்கும், தாளில் வேலை செய்யாது. இது சப்ளையர்கள் செய்யும் சுலபமான வேலை. அது எதிர்மின்சுமை கொண்ட பொருள், ஸ்டார்ச்சின் நேர்மின்சுமையைத் தின்றுவிடும். போதாததற்கு அதன் குணமே ஈரமாக்குவது. எமல்ஷனின் நிலைப்பை வைத்து மட்டும் தரம் பார்க்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான். நேர்மின்சுமையைக் கூட்ட விரும்பினால் சிறிதளவு பாலிடாட்மேக் அல்லது பாலிஅமைடோஅமீன் எபிகுளோரோஹைட்ரின் வகைப் பிசின் சேர்க்கலாம். பிசின் வகை ஏ.கே.டி பிணைவதையும் விரைவுபடுத்தும், கழிவுத்தாள் ஆலைகளுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். "புரமோட்டட்" என்று தனி விலையில் விற்கும் எமல்ஷன்களில் இப்படிப்பட்ட பாலிமர்தான் இருக்கும். 10 சதவீத எமல்ஷனோடு 15 சதவீதத்தை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல், ஒரு கிலோ மெழுகுக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள்.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் குளிர்விப்பு. ஹோமோஜெனைசரை விட்டு வரும்போது துகள் இன்னும் உருகிய எண்ணெய். மெழுகு உறைவதற்கு முன் துகளும் துகளும் மோதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆக 75 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஓரிரு நிமிடத்தில் வர வேண்டும், தட்டு வெப்பமாற்றி போன்ற ஒன்று இருந்தால்தான் அது முடியும். நம் ஊர் போர் தண்ணீரே 28, 30 டிகிரியில் வருகிறது. அதை வைத்து 25-க்கு எப்படிக் குளிரவைப்பது? சில்லர் வேண்டும். ஐஸ் கட்டி வாங்கி டேங்கில் போட்டுச் சமாளிப்பவர்களும் உண்டு. மார்கழியில் அது ஓடும், அக்னி நட்சத்திரத்தில் ஓடாது.

நீங்களே தயாரிக்கலாமா என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. நாளைக்கு 20 டன் ஓட்டுகிறீர்கள் என்று வைத்தால் தேவை 30 கிலோ மெழுகு, 200 கிலோ எமல்ஷன். உயர் அழுத்த ஹோமோஜெனைசர், ஸ்டார்ச் குக்கர், சில்லர், அதைப் பார்த்துக்கொள்ள வேதியியல் தெரிந்த ஒரு ஆள், இத்தனையும் வைத்து நாளைக்கு ஒரு மணி நேரம் ஓட்டுவீர்கள். கட்டுப்படியாகாது. சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து ஆலைகள் கூட்டாகச் சேர்ந்தால் யோசிக்கலாம், அப்போது புது எமல்ஷன் வாரத்துக்கு வாரம் கிடைக்கும் லாபம் பெரிது. தனியாக வேண்டாம்.

ஏ.எஸ்.ஏவுக்கு மாறச் சொல்லி யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஆல்கெனைல் சக்சினிக் அன்ஹைட்ரைடு அது. அறை வெப்பநிலையில் எண்ணெயாகவே இருக்கும். மெஷினிலேயே பிணைந்துவிடும், ரீலில் காத்திருக்கத் தேவையில்லை. பெரிய, வேகமான மெஷின்களுக்கு அருமையான சரக்கு. ஆனால் தண்ணீரில் கலந்த பின் மணிக்கணக்கில் கெட்டுவிடும் என்பதால் ஆலையிலேயே எமல்ஷனாக்கி அப்போதைக்கப்போதே செலுத்த வேண்டும். கெட்டது கால்சியத்தோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டும். கடின நீர் ஓடும் டெல்டா ஆலையில், நிமிடத்துக்கு ஒரு முறை மின்சாரம் போய் வரும் ஷிப்டில், அதைக் கட்டி மேய்ப்பது கஷ்டம். உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ரோசினுக்குத் திரும்பலாமா என்றால், அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பைன் மரப் பிசினும் படிகாரமும் சேர்த்துக் காகிதத்தைத் தண்ணீர் தாங்க வைக்கும் முறையை ஜெர்மனியில் இல்லிக் என்பவர் 1807-இல் வெளியிட்டார், ஒன்றரை நூற்றாண்டு உலகமே அதைத்தான் பின்பற்றியது. நூறு வருடத்துக்கு முன் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் பழுப்பேறி, புரட்டினால் நொறுங்குவதற்கு அந்தப் படிகாரத்தின் அமிலமும் ஒரு முக்கியக் காரணம். சரஸ்வதி மகாலில் அதைவிட வயதான கைத்தாள் சுவடிகள் வளைந்து கொடுக்கும்போது, பின்னால் வந்த அச்சுப் புத்தகம் உடைவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும். வாழைப்பெட்டி நூறு வருடம் இருக்க வேண்டியதில்லை, அதனால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் சிக்கல் வேறு. இன்றைய கழிவுத்தாளில் எழுதும் தாள் நிறையக் கலந்து வருகிறது, அதில் நிரப்பியாகச் சுண்ணாம்புக் கார்பனேட். படிகாரம் போட்டு பி.எச்சை 4.5-க்கு இறக்கினால் கார்பனேட் பொங்கி நுரை கட்டும், படிகாரமும் வீணாகும். பாலி அலுமினியம் குளோரைடோடு சேர்த்து 6.5, 7 பி.எச்சில் ஓடும் கேட்டயானிக் ரோசின் எமல்ஷன் கிடைக்கிறது. உங்கள் ஆலையில் கோடை மாதங்களுக்கு மட்டும் அதை ஓட்டிப் பார்ப்பது தவறில்லை, ரோசின் தண்ணீரில் ஏ.கே.டி மாதிரி சாகாது. ஆனால் சூடான, அமிலமான, ஈரம் நெடுநேரம் நிற்கும் இடத்தில் ஏ.கே.டிதான் தாங்கும். பால், தயிர் போன்ற லாக்டிக் அமிலம் தொடும் அட்டைகளுக்கு ஏ.கே.டி போடுவது அதனால்தான்.

வாழைப்பெட்டிக்கு காப் எவ்வளவு வேண்டும் என்பதிலும் ஒரு வார்த்தை. சீப்பைக் கழுவி ஈரத்தோடு அடுக்குகிறார்கள் என்பதால் 20-க்குக் கீழே கொண்டுவரத் துடிக்கிறீர்கள். வேண்டாம். நெளிவு அட்டை ஒட்டுபவர் ஸ்டார்ச் பசையைத்தான் தடவுவார், அதன் தண்ணீர் தாளுக்குள் கொஞ்சம் இறங்கினால்தான் பசை பிடிக்கும். 20-க்குக் கீழே போனால் பெட்டி நனையாது, ஒட்டிய இடம் பிரிந்துவிடும். 30-லிருந்து 35-க்குள் நிறுத்துங்கள். வெளித்தாளுக்கு அதற்கும் மேல் பாதுகாப்பு வேண்டுமானால், சைஸ் பிரஸ் (தாளின் மேற்பரப்பில் ஸ்டார்ச் பூசும் உருளை ஜோடி) இருந்தால், ஸ்டார்ச்சோடு ஸ்டைரீன் அக்ரிலேட் எமல்ஷன் கொஞ்சம் சேர்த்து மேற்பரப்பில் பூசலாம். அங்கே பூசியது கூழ்த் தண்ணீரில் கலந்து தொலைவதில்லை.

எண்ணெய் தாங்கும் பொட்டலத் தாள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏ.கே.டி எவ்வளவு போட்டாலும் எண்ணெய் நிற்காது, அதன் கொழுப்புச் சங்கிலிக்கு எண்ணெய் சொந்தம். முன்பு ஃபுளோரின் சேர்மங்கள் பூசினார்கள். அவை மண்ணிலும் உடம்பிலும் சிதையாமல் தங்குவதால் பல நாடுகள் உணவுத்தாளில் கைவிட்டுவருகின்றன, நீங்களும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிளாஸ்டிக் பூசிய தாள் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் இருக்கின்றன. மிஞ்சுவது நன்றாக அரைத்து இறுக்கிய கூழும், பாலிவினைல் ஆல்கஹால் அல்லது ஸ்டார்ச் அடுக்குப் பூச்சும். அதற்குப் புதுக் கூழ் வேண்டும். மை படிந்த கழிவுத்தாளில் செய்த தாளில் பஜ்ஜியோ பூந்தியோ கட்டிக் கொடுப்பதை நான் எந்த நிலையிலும் சரி என்று சொல்ல மாட்டேன்.

அவன் சோதனையையும் ஃப்ரிட்ஜ் பாட்டில் சோதனையையும் செய்துவிட்டு, ஒயிட் வாட்டரின் பி.எச், மின்கடத்துதிறன், சூடு ஆகிய மூன்று எண்களோடு எழுதுங்கள். ஃபிக்ஸேட்டிவ் எவ்வளவு, எந்தப் பைப்பில் கொடுப்பது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.